மரை பார்க்காமல் ஹோஸ் மாட்டாதீர்கள்: என் அம்பாசடரின் ஆயில் பிரஷர் ஹோஸ் கதை

890 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய ஒரு வேலைக்கு எனக்குக் கிட்டத்தட்ட ஒன்பதரை ஆயிரம் ரூபாய் போனது. ஒரு கோடை விடுமுறையின் பெரும்பகுதியும் அதிலேயே போனது. பழைய அம்பாசடரோ ஃபியட்டோ வைத்திருக்கும் யாராவது எனக்கு முன்னாலேயே "மரையை அளந்து பார், அப்புறம் வாங்கு" என்று சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

வண்டி 1972 மார்க் 2. மாமனார் ஓட்டியது. அவர் போன பிறகு விற்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், ஓட்டத்தான் யாரும் முன்வரவில்லை. கணவருக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். கடைசியில் வண்டி என் தலையில் விழுந்தது. நான் காட்பாடி பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். வீடு சத்துவாச்சாரியில். ஸ்டியரிங் கனம், பிரேக்கை மிதித்தால் ஒரு யோசனைக்குப் பிறகுதான் பிடிக்கும், இருந்தாலும் அந்த வண்டியை ஓட்டப் பழகிவிட்டால் வேறு வண்டியில் மனசு ஒட்டாது.

இந்த வண்டியில் இருப்பது 1489 சிசி பி.எம்.சி. பி-சீரிஸ் பெட்ரோல் இன்ஜின், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் கார் வழியாக வந்தது. இப்போதைய கார்களில் ஆயில் பிரஷருக்கு ஒரு சென்சாரும் ஒரு வயரும் ஒரு சிவப்பு விளக்கும்தான். என் வண்டியில் அப்படி இல்லை. இன்ஜின் ஆயிலே ஒரு குழாய் வழியாக டேஷ்போர்டு வரைக்கும் வந்து கேஜின் ஊசியைத் தள்ளுகிறது. இன்ஜின் பிளாக்கில் ஒரு துளை, அதிலிருந்து சின்னதாக ஒரு ரப்பர் ஹோஸ், அது போய்ச் சேருமிடத்திலிருந்து உள்ளே மெல்லிய உலோகக் குழாய். நடுவில் ரப்பர் எதற்கு என்றால், ஓடும்போது இன்ஜின் தன் மவுண்டிங் மேல் ஆடும், பாடி ஆடாது. நேராக உலோகக் குழாய் கொடுத்தால் சீக்கிரமே முறிந்துவிடும். சூடான இன்ஜினில் ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ., ஐட்லிங்கில் 15 முதல் 20 வரை என் வண்டி காட்டும். அந்த அழுத்தம் முழுவதும் அந்த விரல்தடி ஹோஸுக்குள்தான் நிற்கிறது. அது போனால் கேஜ் மட்டும் போவதில்லை, இன்ஜினில் உள்ள ஆயிலும் அந்த வழியாகவே வெளியே போய்விடும். இதை நான் தெரிந்துகொண்டது நடுரோட்டில்.

முதலில் ஹோஸில் வெடிப்பு தெரிந்தது. ரப்பரை மடக்கிப் பார்த்தால் உள்ளே நூல் தெரிந்தது, பிளாக்கைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. வழக்கமாகப் போகும் ஒர்க்ஷாப்பில் காட்டினேன். "சின்ன வேலை மேடம், மதியம் வந்து எடுத்துக்குங்க" என்றார் மெக்கானிக். மதியம் போனபோது புது ஹோஸ் மாட்டியிருந்தது. மரையைச் சுற்றி வெள்ளையாக டெஃப்லான் டேப் பிதுங்கிக்கொண்டிருந்தது. 650 ரூபாய். மாட்டியது பிரேக் ஹோஸ் என்பது எனக்கு அப்போது தெரியாது. முனை பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நீளமும் சரியாக வரும், எந்த ஸ்பேர் கடையிலும் கிடைக்கும், அதனால் இது பல இடங்களில் நடக்கிற வேலைதான் என்று பின்னால் தெரிந்தது.

பிரேக் ஹோஸை ஆயிலுக்குப் போடக் கூடாது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் கிளைக்கால் வகைத் திரவம், பெட்ரோலியம் கிடையாது. அதற்கு ஏற்றபடி பிரேக் ஹோஸின் உள்பக்க ரப்பர் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற வகையில் இருக்கும். அந்த ரப்பருக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் ஆகவே ஆகாது. சில வாரங்களில் என் ஹோஸ் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிப்போய், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. மரைப் பக்கமும் கசிவு. திரும்ப அதே ஒர்க்ஷாப்புக்குப் போனேன். இந்த முறை பிளாக்கில் ஒரு நிப்பிளை, அதாவது சின்னக் குழாய் முனையை, டேப் சுற்றி முறுக்கி, அதன் மேல் பெட்ரோல் ஹோஸைச் சொருகி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டுக் கொடுத்தார்கள். 200 ரூபாய். "இது பெட்ரோலுக்கே தாங்கும் மேடம், ஆயிலுக்குத் தாங்காதா?" என்று கேட்டார். கேட்டவுடன் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம் நாலைந்து பி.எஸ்.ஐ.கூட வராது, சூடும் இல்லை. இங்கே கொதிக்கிற ஆயில், காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது அழுத்தம் இன்னும் ஏறும். கிளிப் பிடிப்பில் நிற்கிற வேலை இல்லை இது.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினேன், பெங்களூர் நெடுஞ்சாலையில் தனியாக. பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்கு முன்னாலேயே ஊசி 50-ல் இருந்து 20-க்கு இறங்கியது, அப்புறம் படுத்தே விட்டது. பானட் ஓரத்திலிருந்து புகை. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி இக்னிஷனை அணைத்து வண்டியை ஓரமாக உருட்டி நிறுத்தினேன். பானட்டைத் திறந்தால் பெட்ரோல் ஹோஸ் நிப்பிளை விட்டுக் கழன்று தொங்குகிறது, பிளாக்கின் அந்தப் பக்கம் முழுக்க எண்ணெய். இதில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஊசி விழுந்தால் "அடுத்த ஊர் வரைக்கும் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டாதீர்கள். இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க், பேரிங்குகளுக்குள் ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றுகிறது. படலம் போனால் உலோகத்தோடு உலோகம் உரசும், இரண்டு கிலோமீட்டரில்கூட வேலை முடிந்துவிடும். அப்புறம் பேச்சு ஹோஸைப் பற்றி இருக்காது, கிராங்க் கிரைண்டிங், பேரிங் செட் என்று பல ஆயிரங்களைப் பற்றி இருக்கும். கேஜ்தான் கெட்டிருக்கும் என்ற சந்தேகம் வந்தாலும் முதலில் அணைத்துவிட்டுப் பிறகு சந்தேகப்படுங்கள்.

பட்டுப் புடவையோடு, கை முழுக்கக் கறுப்பு எண்ணெயோடு அந்த வெயிலில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். நிறுத்திப் பார்த்தவர்களில் இரண்டு பேர் "வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்று கேட்டார்கள். உருப்படியாக வந்தவர் ஒரு லாரி டிரைவர். எட்டிப் பார்த்தார், உடனே சொன்னார்: "இது சும்மா முட்டுச்சந்து லைன்தாம்மா. கேஜுக்கு மட்டும்தான் போகுது. ஓட்டையை ஒரு போல்ட் போட்டு அடைச்சிட்டு ஆயில் ஊத்திக்கிட்டுப் போய்க்கினே இருக்கலாம்." அவர் சொன்னது நூறு சதவீதம் சரி. அந்தத் துளையை அடைத்துவிட்டால் இன்ஜினுக்குள் ஆயில் ஓட்டம் எந்தக் குறையும் இல்லாமல் நடக்கும், கேஜ் மட்டும் காட்டாது. நிப்பிளைக் கழற்றிவிட்டுத் தன் டூல்ஸ் பெட்டியில் இருந்த போல்ட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றுகூட உட்காரவில்லை. சில லூசாக ஆடின, சில ஒரு சுற்றிலேயே நின்றுவிட்டன. "இது வேற மரைம்மா" என்று உதட்டைப் பிதுக்கினார். அந்த ஒரு வார்த்தைக்கு அன்றைக்கு எனக்கு அர்த்தம் புரியவில்லை. சரியான மரையில் ஒரு சின்னப் பித்தளை அடைப்பானும் ஒரு காப்பர் வாஷரும் ஒரு கேன் ஆயிலும் டிக்கியில் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் கல்யாணத்துக்குக் கிளம்பியிருப்பேன். அதற்குப் பதிலாக ரெக்கவரி வண்டிக்காரர் 4,000 கேட்டு, பேசிப் பேசி 3,200-க்கு இறங்கி, சத்துவாச்சாரி வரை இழுத்து வந்தார். ஆயில் மாற்ற 1,600. பேரிங் பாதித்திருக்கிறதா என்று சம்ப்பை, அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியை, இறக்கிப் பார்க்க, இந்த முறை வேறொரு மெக்கானிக்கிடம், 1,500. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

அதோடு முடியவில்லை. "ஒரிஜினல் ஹோஸே வாங்கிவிடலாம்" என்று சென்னையில் பழைய வண்டி ஸ்பேர் விற்கும் ஒருவரிடம் போனில் பேசினேன். அம்பாசடருக்கு என்றே சொல்லி, அடாப்டரோடு சேர்த்து, கூரியர் உட்பட 1,450 வாங்கினார். வந்தது. பார்க்க அழகாக இருந்தது. கையால் திருகினால் இரண்டு சுற்றுக்கு மேல் போகவில்லை. புது மெக்கானிக் ஸ்பேனரை எடுத்து "டைட்டா இருக்கு, அதான் நல்லது" என்று இறுக்கப் போனார். நான் நிறுத்தச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் லாரி டிரைவர் சொன்ன "வேற மரை" மனசில் அரித்துக்கொண்டே இருந்தது.

பழைய ஒர்க்ஷாப்புக்குப் போய், முதன்முதலில் கழற்றிய ஹோஸ் எங்கே என்று கேட்டேன். கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. ஆனால் முனை பித்தளை என்பதால் எடைக்குப் போடுவதற்காக ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். கிளறி எடுத்து வந்தேன். இதிலிருந்து நான் பழகிக்கொண்டது: எந்த ஒர்க்ஷாப்பில் எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறேன். கிழிந்த ஹோஸுக்கு மதிப்பில்லை, அதன் முனையில் இருக்கும் மரைக்குத்தான் மதிப்பு.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் வெர்னியர் சொல்லிக் கொடுக்கிறேன், வீட்டிலும் ஒன்று கிடந்தது. பழைய முனையை அளந்தேன். மரையின் வெளி விட்டம் 9.7 மி.மீ., நுனியிலும் அடியிலும் ஒரே அளவு. சென்னையிலிருந்து வந்த அடாப்டரை அளந்தேன். நுனியில் 10, அடிப்பக்கம் 10.2-க்கும் மேல். அதாவது அது கூம்பாகப் போகிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசம்தான், கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இரண்டையும், உப்பிப்போன அந்தப் பிரேக் ஹோஸையும் எடுத்துக்கொண்டு ராணிப்பேட்டை போனேன். அங்கே பெல் நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலை இருக்கிறது, சிப்காட் இருக்கிறது, தோல் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இவற்றை நம்பியே லேத்துப் பட்டறைகளும் ஹைட்ராலிக் ஹோஸ் கடைகளும் பிழைக்கின்றன. கார் ஸ்பேர் கடையில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும் என்று தோன்றியது. ஒரு லேத்துப் பட்டறையில் பெரியவர் ஒருவர் இருந்தார். பழைய முனையை வாங்கி, லுங்கியில் துடைத்து, மரை கேஜை எடுத்தார். சீப்புப் பல் மாதிரி வெட்டிய தகடுகள் விசிறியாக விரியும் கருவி அது. 27 என்று போட்ட தகட்டை முதலில் மரையின் மேல் வைத்து டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். முதல் இரண்டு மூன்று பற்கள் உட்கார்ந்தன, போகப்போகத் தகட்டுக்கும் மரைக்கும் நடுவில் மெல்லிய வெளிச்சக் கோடு விரிந்தது. அப்புறம் 28 தகட்டை வைத்தார். வெளிச்சமே இல்லை. "வெளிச்சம் தெரியக் கூடாதும்மா, அதான் கணக்கு" என்றார். "இது 1/8 பி.எஸ்.பி. நீங்க வாங்கினது என்.பி.டி. இந்தப் பிரேக் ஹோஸ் முனை கீதே, அது 3/8, 24 மரை. மூணும் மூணு ஜாதி."

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பி.எஸ்.பி. என்பது பிரிட்டிஷ் குழாய் மரை. 1/8 அங்குலம் என்று பெயர் இருந்தாலும் வெளி விட்டம் 9.73 மி.மீ., ஒரு அங்குலத்துக்கு 28 மரை, மரையின் கோணம் 55 டிகிரி. என்.பி.டி. அமெரிக்கக் குழாய் மரை. அதிலும் 1/8 உண்டு, ஆனால் அங்குலத்துக்கு 27 மரை, 60 டிகிரி, கூம்பு. இப்போது கடைகளில் கிடைக்கும் பல பிரஷர் கேஜ் செட்டுகளில் வருவது இதுதான். ஒன்றுக்குள் இன்னொன்று இரண்டு மூன்று சுற்று போகும், அப்புறம் இறுகும். இறுகுவதைப் பார்த்து நாம் பொருந்திவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் மரைகள் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு நிற்கின்றன. மேலும் முறுக்கினால் பிளாக்கில் இருக்கும் மரை போகும். வார்ப்பிரும்பு வேறு, கூம்பு முனையை வலுவாக ஏற்றினால் துளையைச் சுற்றி விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. ஹோஸ் போனால் வேறு வாங்கலாம், பிளாக் போனால் எங்கே போவது?

டேப் விஷயமும் இங்கேதான் தெளிவானது. கூம்பு மரை, மரையிலேயே அடைத்துக்கொள்ளும் வகை. அதற்கு டேப் உதவும். என் வண்டியில் இருப்பது நேர் மரை. அது கசிவை அடைப்பது மரையில் இல்லை, அடியில் இருக்கும் காப்பர் வாஷரில். நேர் மரையில் எத்தனை சுற்று டேப் சுற்றினாலும் சூட்டில் எண்ணெய் வழி கண்டுபிடித்துவிடும். அதோடு டேப் துணுக்கு பிய்ந்து உள்ளே போனால் ஆயில் வழியில் எங்காவது போய் உட்காரும் ஆபத்தும் இருக்கிறது. டேப் சுற்றியிருப்பதைப் பார்த்தாலே இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது.

பெரியவர் அறுகோணப் பித்தளைக் கம்பியை வெட்டி ஒரு அடாப்டர் கடைந்தார். ஒரு பக்கம் 1/8, மறுபக்கம் 1/4 பி.எஸ்.பி., காரணம் ஹோஸ் கடைகளில் 1/8 முனை அரிது, 1/4 எங்கும் கிடைக்கும். நடுத் துளையை 1 மி.மீ. மட்டும் போடச் சொன்னேன். கேஜுக்குத் தேவை அழுத்தம்தான், எண்ணெய் ஓட்டம் இல்லை. துளை சின்னதாக இருந்தால் நாளைக்கு ஹோஸ் வெடித்தாலும் ஆயில் மெதுவாகத்தான் போகும், வண்டியை ஓரம் கட்ட அவகாசம் கிடைக்கும். "டீச்சரா நீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். அதே மரையில் ஒரு அடைப்பானும் கடையச் சொன்னேன். எல்லாம் சேர்த்து 350. பழைய காப்பர் வாஷரைத் தூக்கிப் போடாமல் அடுப்புச் சூட்டில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகிவிடும் என்று அவரே செய்து காட்டினார். கெட்டிப்பட்ட வாஷர் நசுங்காது, நசுங்காவிட்டால் அடைக்காது. நான் புது வாஷர்களும் வாங்கிக்கொண்டேன், 60 ரூபாய்.

ஹோஸ் கடையில் இருந்த பாய், முதலில் ஜே.சி.பி.க்குப் போடும் கம்பி வலை உள்ள ஆர்1 ரக ஹோஸை எடுத்தார். தாங்கும், ஆனால் அது விறைப்பு, கனமும் அதிகம். சின்னப் பித்தளை முனையில் அந்தக் கனம் தொங்கி ஆடினால் முனை முறியும். என் வேலைக்கு 50 பி.எஸ்.ஐ., அதிகம் போனால் 80 என்று சொன்னேன். துணி நூல் பின்னிய ஆர்6 ரக ஹோஸைக் கொடுத்தார். கால் அங்குல அளவில் அது 400 பி.எஸ்.ஐ. தாங்கும், 100 டிகிரி சூடு வரைக்கும் ஆகும், எண்ணெய்க்கென்றே செய்தது. இது முட்டுச்சந்து லைன் என்பதால் உள்ளே நிற்கும் எண்ணெய் சம்ப்பில் இருப்பதைவிடச் சூடு குறைவு, ஆகவே போதும். இரண்டு முனையும் மெஷினில் நசுக்கிப் பொருத்தி (கிரிம்ப் செய்து) 480. எவர்சில்வர் வலை போட்ட பளபளப்பு ஹோஸும் காட்டினார். ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் என் வண்டியில் அந்தப் பக்கம்தான் ஸ்டார்ட்டர் மோட்டார். பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த கேபிளில் அந்த உலோக வலை உரசினால் தீப்பொறிதான். ரப்பர் போதும் என்று விட்டுவிட்டேன்.

மாட்டும் வேலையை நானே செய்தேன். பிளாக்கின் துளையைச் சுற்றித் துடைத்து, பழைய டேப் துணுக்குகளை ஊசியால் எடுத்தேன், அதற்கே வெகுநேரம் பிடித்தது. அடாப்டரைக் கையாலேயே கடைசி வரை திருக முடிந்தது. சரியான மரைக்கு அடையாளம் அதுதான், ஸ்பேனர் கடைசிக் கால் சுற்றுக்கு மட்டும். ஹோஸ் நட்டை இறுக்கும்போது ஒரு ஸ்பேனரால் அடாப்டரைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டை இறுக்க வேண்டும், இல்லையென்றால் அடாப்டரும் சேர்ந்து சுற்றும், ஹோஸும் முறுக்கிக்கொள்ளும். இன்ஜின் ஆட இடம் விட்டு, ஹோஸைக் கொஞ்சம் தொய்வாக விட்டு, நடுவில் ஒரு ரப்பர் கிளாம்ப் போட்டேன். உடனே ஸ்டார்ட் பண்ணவில்லை. இன்ஜின் பற்றிக்கொள்ளாமல் இருக்க இக்னிஷன் காயிலுக்கு வரும் சின்ன வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் நிறுத்தி நிறுத்திச் சுற்றவைத்தேன். ஊசி மெதுவாக எழுந்தது, கசிவு இல்லை. அப்புறம் வயரை மாட்டி ஸ்டார்ட் பண்ணி, கீழே ஒரு அட்டையை விரித்துவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை அங்கேயே நின்றேன். அட்டை காய்ந்தே இருந்தது.

உங்கள் வண்டியும் அம்பாசடர்தான் என்பதற்காக நான் சொன்ன 1/8 பி.எஸ்.பி.யை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். நம் பக்கத்தில் ஓடும் அம்பாசடர்களில் டீசல் இன்ஜின், இசுசு இன்ஜின், வேறு வண்டியின் இன்ஜின் என்று எது எதையோ மாற்றி வைத்திருப்பார்கள். இதற்கு முன்னால் ஒருவர் துளையைப் பெரிதாக்கி வேறு மரை போட்டிருக்கவும் கூடும். முனையை அளந்து பாருங்கள், தகட்டை வைத்து வெளிச்சம் பாருங்கள். மாட்டிச் சில நாள் ஓடிய பிறகு இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், காப்பர் வாஷர் அமுங்கி நட்டு லேசாக இளகியிருக்கும். எனக்கு ஒரு துளி இறுக்க வேண்டியிருந்தது. 1 மி.மீ. துளை போட்டால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஊசி எழச் சில விநாடி கூடுதலாக ஆகும், குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால். அதைப் பார்த்துப் பதறி இன்ஜினை அணைக்க வேண்டாம். பத்து எண்ணுவதற்குள் எழாவிட்டால்தான் அணைத்துவிட்டுப் பானட்டைத் திறக்க வேண்டும்.